அசையாமல் வைத்த கை

4 நவம்பர் 2025, செவ்வாய்

காலை விறைப்பு நாற்பது நிமிடம். நேற்று முப்பத்தைந்து. ரபியாவின் வலது மணிக்கட்டின் மேல்புறத்தில், சுண்டுவிரல் பக்கம், வீக்கம் குறையவில்லை. தொட்டால் ஊறிய பருப்பைத் துணியில் கட்டி வைத்தது போல மெத்தென்று இருக்கிறது. நான் தொட்டுப் பார்ப்பதையும் பிறகு நோட்டில் எழுதுவதையும் கவனித்துவிட்டு, "பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றாள்.

போன வாரம் டாக்டர் அதிதி பார்த்தார். இந்த முடக்குவாதத்துக்கு அவர் எங்களுடைய நான்காவது டாக்டர். எங்கள் மகள் ரஹீனாவின் வயதுதான் இருக்கும், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறார். அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தனக்குப் பார்க்க வேண்டியது விரலை இழுக்கிற தசைநாணும் அதன் உறையும் என்றார். எம்.ஆர்.ஐ.யும் நன்றாகக் காட்டுமாம். ஆனால் அதற்கு அரை மணி நேரம் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி வைத்திருக்க வேண்டும். ரபியாவின் தோள் அதற்கு இடம் கொடுக்காது.

முப்பத்தாறு வருடம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். எலும்புதான் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? இருந்தாலும், கூட வேலை பார்த்த ஆளைப் பற்றி யாரோ என் முன்னால் குறை சொன்னது போல இருந்தது. ஒன்றும் பேசவில்லை. டாக்டர்கள் முன்னால் நான் எப்போது பேசியிருக்கிறேன்?

ஸ்கேன் பன்னிரண்டாம் தேதி.

6 நவம்பர், வியாழன்

மருந்து வாங்க மட்டாஞ்சேரி பஜார் ரோடு வழியாகப் போனேன். ரபியா வேலை பார்த்த மிளகுக் கம்பெனியின் மாடியில் இப்போது பழம்பொருள் கடை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்த மரப்படிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியில் ஆறு டைப்ரைட்டர்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரும்போது, ஆறு சத்தங்களில் எது அவளுடையது என்று தெருவிலிருந்தே சொல்லிவிடுவேன். சொல்லிவிட முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, பத்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தால், அவள் பல்வலி என்று பதினொரு மணிக்கே வந்து படுத்திருந்தாள். அப்படியென்றால் நான் கேட்டது யாருடைய சத்தம்? இன்றுவரை தெரியாது. அவளிடம் சொன்னதும் இல்லை.

சுக்கு வாசனை மட்டும் அந்தச் சந்தில் இன்னும் இருக்கிறது. அல்லது அந்த இடத்தில் மூக்கு தானாக நினைத்துக்கொள்கிறதோ என்னவோ.

8 நவம்பர், சனி

காலையில் ரவிக்கைக் கைக்குள் கையை நுழைக்கும்போது வலது சுண்டுவிரல் துணியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன். விரல் நிமிரவில்லை, அடிமூட்டிலிருந்து தொங்குகிறது. நான் நிமிர்த்தினால் நிமிர்கிறது, விட்டதும் விழுகிறது. நேற்று பாத்திரம் துடைக்கும்போது உள்ளே ஏதோ நூல் விட்டுப்போனது போல இருந்ததாம். வலித்ததா என்று கேட்டேன்.

"இல்லைங்க. அதுதான் அதிசயம். இந்தக் கையில வலிக்காம ஒரு காரியம் நடந்திருக்கு."

வலி இல்லை. ஆகவே புதிதாக ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த நோயில் விரல்கள் கோணுவது சகஜம்தான்.

டைப் அடிக்கும்போது வலது சுண்டுவிரலுக்கு உரிய எழுத்துகளில் ஒன்று ஆங்கில 'பி'. மிளகுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் 'பெப்பர், பெப்பர்' என்று அடித்த விரல் இது, களைத்துப்போய்விட்டது, விடுங்கள் என்று மாலையில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

12 நவம்பர், புதன்

வாட்டர் மெட்ரோவில் எறணாகுளம் போய் வந்தோம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இதே வழியில் பழைய போட்டில் போவோம். என்ஜின் சத்தத்தில் பேசுவது கேட்காது, அதனால் ரபியா என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். இப்போது போட்டில் சத்தமே இல்லை. ஏ.சி. குளிருக்கு அவள் கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் பார்த்தவர் டாக்டர் சாய்கிருஷ்ணா. பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், ரபியா பிறந்த புதுநகரம் அவர் ஊரிலிருந்து பக்கம்தானாம். அந்தத் தைரியத்தில் அவள், இவரும் எக்ஸ்ரேக்காரர்தான் என்று என்னைக் காட்டிவிட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்.

பழக்கம் விடுமா? துண்டைச் சுருட்டி அவள் மணிக்கட்டின் கீழே வைத்தேன். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை ஒன்றோடொன்று ஒட்டி நேராகப் பரப்பி வைத்தேன். தொங்கிய சுண்டுவிரலையும் நிமிர்த்தி வரிசையில் சேர்த்தேன். இப்படி யாரும் வைத்துக் கொடுப்பதில்லை சார் என்றார் டாக்டர். எழுபத்து நான்கு வயதில் ஒரு பாராட்டுக்கு மனம் எப்படிக் குதிக்கிறது!

திரையில் தசைநாண்கள் சாம்பல் நிறத்தில், சீவிய தலைமுடி போல. சுற்றிலும் உறை கறுப்பாக உப்பியிருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணத்தைப் போட்டதும் அந்தக் கறுப்புக்குள் கங்கு போல ஆரஞ்சுப் பொறிகள். அழற்சி நிறைய இருக்கிறது என்றார். நடுவில் ரபியா விரல்களைக் கொஞ்சம் தூக்கி, "டாக்டர், இந்த விரல்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். அசைக்காதே, படம் கெட்டுப்போகும் என்று அவள் விரல்களின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அதன் பிறகு நன்றாக ஒத்துழைத்தாள்.

14 நவம்பர், வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. உறையில் கடுமையான அழற்சி. தசைநாண்களில் அறுபட்டதாகத் தெரியவில்லை, தொடர்ச்சியாக இருக்கின்றன. டாக்டர் அதிதி போனில் மருந்தின் அளவைக் கூட்டினார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாமாம்.

ஜும்ஆவுக்குப் போய்விட்டு வரும் வழியில், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த யூசுப்பின் வீட்டுப் பக்கம் நடந்தேன். அவன் போய் ஆறு வருடமாகிறது. வாசலில் வேறு யாருடைய பைக்கோ நிற்கிறது.

17 நவம்பர், திங்கள்

விறைப்பு முப்பது நிமிடம். மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

20 நவம்பர், வியாழன்

மழை. யூசுப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வெளியே மெஷினில், அவன் இருட்டறையில். மழைக்காலத்தில் ஃபிலிம் காயவே காயாது. கொக்கிகளில் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டு, மின்விசிறியைத் திருப்பி வைப்பான். மட்டாஞ்சேரி முழுவதன் விலா எலும்பும் எங்கள் அறையில் சொட்டிக்கொண்டிருக்கிறது என்பான். ஃபிலிம் கழுவுகிற ஹைப்போவின் புளித்த வாசனை எங்கள் இருவரின் சட்டையிலும். ரபியா முதல் ஒரு வருடம் என் சட்டைகளைத் தனியாகத் துவைத்தாள்.

"அசையாதீங்க, மூச்சை அடக்குங்க." இதை நான் ஐந்து மொழிகளில் சொல்வேன். மலையாளம், தமிழ், இந்தி, கொங்கணி, குஜராத்தி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ஐந்தும் தேவைப்பட்டது. ஒருமுறை மூட்டை தூக்கும் ஒரு ஆளை மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு, விடலாம் என்று சொல்ல மறந்து ஃபிலிமை எடுத்துக்கொண்டு யூசுப்பிடம் போய்விட்டேன். திரும்பி வந்தால் மனிதர் முகம் சிவந்து அப்படியே நிற்கிறார். அவ்வளவு நல்ல மனிதர்கள். அசையாதே என்றால் அசையமாட்டார்கள். அசைந்தால் படம் கெட்டுவிடும், இன்னொரு ஃபிலிம் வீணாகிவிடும்.

அசைந்தால் படம்...

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

அது எக்ஸ்ரேக்கு. அல்ட்ராசவுண்டில் எது கெடப்போகிறது? அது ஓடிக்கொண்டே இருக்கிற படம். ஓடுவதைப் பார்ப்பதற்குத்தானே அந்த மெஷின். ரபியா விரல்களைத் தூக்கினாளே, அந்த ஒரு நொடி திரையில் சாம்பல் இழைகள் வழுக்கிக்கொண்டு ஓடின, நான் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் ஒன்றும் ஓடவில்லை. பார்த்தேனா? பார்த்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேனா?

தொங்குகிற விரலை நானே நிமிர்த்தி வரிசையில் வைத்தேன். டாக்டருக்கு அந்த விரல் தொங்குவதே தெரியாது. சொல்ல வந்தவளை அமுக்கிப் பிடிச்சேன். யா அல்லாஹ், நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

21 நவம்பர், வெள்ளி

பழைய பாடப்புத்தகத்தில் ஒரு சோதனை இருக்கிறது. மணிக்கட்டை மெல்லக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாகவே நிமிர வேண்டும், தசைநாண் முழுதாக இருந்தால். காலையில் சாயா குடித்த பிறகு ரபியாவின் கையை மேசை விளிம்பில் வைத்து மூன்று முறை செய்து பார்த்தேன். ஆட்காட்டி விரல், நடுவிரல் நிமிர்ந்தன. சுண்டுவிரல் தொங்கியது, மூன்று முறையும். மோதிர விரல் நிமிர்ந்தது, ஆனால் மற்றவற்றை விடத் தாமதமாக, முக்கால்வாசி. நேற்று எப்படி இருந்தது என்று கேட்டேன். நாலைந்து நாளாக அதுவும் சோம்பேறியாகிவிட்டது என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். சுண்டுவிரலின் தசைநாண் அறுந்திருக்கலாம். மணிக்கட்டில் எலும்பு முனை துருத்திக்கொண்டிருந்தால் உராய்ந்து உராய்ந்து அடுத்ததும் அறும், அதற்கடுத்ததும். மூன்று மாதம் காத்திருந்தால் கை என்ன ஆகும் என்று தெரியாது.

"அந்த நரம்பைத்தானே அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்கதான் கையைப் பிடிச்சு அமுக்கினீங்க."

"தெரியும்."

"சரி. டாக்டர்ட்ட சொல்லுங்க."

அதைத்தான் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

24 நவம்பர், திங்கள்

டாக்டர் அதிதி மாநாட்டுக்குப் போயிருக்கிறார், டிசம்பரில்தான் வருவார். போனை எடுத்த பெண், ரிப்போர்ட்டில் எதுவும் அறுந்ததாக இல்லை என்றால் அவசரம் இல்லையே என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். நான் 'சரி' என்றேன்!

டாக்டர் சாய்கிருஷ்ணாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி மூன்று பக்கம் வந்தது. இரண்டாவதில் அவரைக் குற்றம் சொல்வது போன்ற ஒரு வாக்கியம். மூன்றாவதில் 'ஒருவேளை' என்ற சொல் பதினொரு இடத்தில். ரபியா எட்டிப் பார்த்துவிட்டு, "புதுநகரத்துல வந்து என்னைப் பொண்ணு கேட்டப்பகூட இவ்வளவு யோசிக்கலை" என்றாள். அன்றைக்கும் பேசியது என் அத்தாதான், நான் இல்லை.

பழைய விஷயம் ஒன்றையும் இந்த நோட்டில் எழுதிவிட வேண்டும். ரஹீனாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ரபியா என் நோட்டைத் தொடமாட்டாள். எழுதலாம்.

1991 ஏப்ரல். ரபியாவுக்கு முப்பத்து நான்கு வயது. விரல் மூட்டுகளில் வலி, டைப் அடிக்கிற வலிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கைகளையும் ஒரே ஃபிலிமில் நானே எடுத்தேன். ஈரத்தோடு வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது, வலது கை சுண்டுவிரலின் அடியில், எலும்பின் ஓரத்தில், ஊசி முனையளவு ஒரு கறுப்புப் பள்ளம். வாரம் இரண்டு நாள் வருகிற பெரிய டாக்டர் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதினார். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. படம் எடுக்கிறவன் படத்தைப் படித்துச் சொல்லக்கூடாது. நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புள்ளி, யூசுப் ஃபிலிமை வளைத்துப் பிடித்ததில் விழுந்த நகத் தடமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு ஃபிலிம் எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. தெரிந்துவிடுமே என்றுதான்.

பதினோரு மாதம் கழித்து மூட்டுகள் வீங்கியபோது இரண்டாவது படம். அதில் யார் பார்த்தாலும் தெரிந்தது. மருந்து அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நாளை மறுநாள் நேரில் போவது.

26 நவம்பர், புதன்

போனோம். டோக்கன் இல்லை. ஸ்கேன் சென்டரில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், பெயர் இல்லாமல் உள்ளே விட முடியாது அங்கிள் என்றாள். நான் திரும்பிவிட்டேன், உண்மையிலேயே கதவுவரை வந்துவிட்டேன். ரபியா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க சாயா குடிச்சிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம்.

டாக்டர் சாய்கிருஷ்ணா சாப்பிடப் போவதற்காக வெளியே வந்தார். எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

"டாக்டர், அன்னைக்கு நான் கையை அசையாமப் பிடிச்சிருந்தேன். அது தப்பு. இவ விரல் தொங்குது. நான்தான் அதை நிமிர்த்தி வச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. முகத்தில் பசியும் எரிச்சலும். ரிப்போர்ட் கொடுத்தாயிற்றே சார் என்றார். ரபியா வலது கையை நீட்டி, விரல்களைத் தூக்கிக் காட்டினாள். நான்கு விரல்கள் வர வேண்டிய இடத்தில் இரண்டரை வந்தது. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு டிபன் டப்பாவை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வாங்கம்மா என்றார்.

இந்த முறை நான் சுவரோரமாகப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நடுவிரலைத் தூக்கச் சொன்னார், திரையில் இழைகள் வழுவழுவென்று ஓடின. மோதிர விரல். ஓடியது, ஆனால் திக்கித் திக்கி, ஓர் இடத்தில் பாதியாக மெலிந்து, ஓரங்கள் சிலும்பி. சுண்டுவிரல். "தூக்குங்கம்மா." தூக்கித்தான் பார்க்கிறேன் என்றாள். ஒன்றும் ஓடவில்லை. அன்றைக்குத் தசைநாண் என்று நினைத்த இடத்தில் இருந்தது வீங்கிய உறைதான். அறுந்த முனை இரண்டு விரற்கடை மேலே, முன்கைப் பக்கமாகச் சுருண்டு கிடந்தது. கீழே எலும்பின் முனை பல் போல நீட்டிக்கொண்டிருந்தது. படகுக் கயிறு படகுத்துறையின் கல் விளிம்பில் உராய்ந்து இழை இழையாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். அதேதான்.

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். அசைத்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியது தானும்தான் என்றார். அறுவை சிகிச்சை டாக்டருக்கு அவரே போன் செய்தார். 'அவசரம்' என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

திரும்பும்போது போட்டில் ரபியா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

29 நவம்பர், சனி

கை அறுவை சிகிச்சை டாக்டர் பார்த்தார். எலும்பு முனையைச் சீவிவிட்டு, அறுந்த தசைநாணைப் பக்கத்து மோதிர விரலின் தசைநாணோடு சேர்த்துத் தைப்பாராம். பக்கத்து விரல் அதற்குள் அறுந்துவிட்டால் அப்படிச் செய்ய முடியாது. டிசம்பர் நான்கு. அதுவரை மணிக்கட்டுக்குப் பட்டை, கை அசையவே கூடாது.

இப்போது அசையக் கூடாது! ரபியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு வரவில்லை.

4 டிசம்பர், வியாழன்

ரஹீனா காக்கநாட்டிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனார்கள். நான் வராந்தாவில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தா பேடிக்காதீங்க, சாரமில்ல, ஒண்ணும் ஆகாது என்று இரண்டு மொழியில் தைரியம் சொன்னாள் மகள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். மோதிர விரலில் சில இழைகள்தான் மிச்சம் இருந்தனவாம். இன்னும் ஒன்றிரண்டு வாரம் தாங்கியிருக்காது என்றார். தைத்தாகிவிட்டது. பிடிக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

14 டிசம்பர், ஞாயிறு

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்துச் சொன்னதுகூட இல்லை.

மருத்துவச் சான்றுக்காக ரஹீனா ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நோய் ஆரம்பித்த வருடம் என்று ஒரு கட்டம். கையை மார்போடு தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரபியா, "தொண்ணூத்திரண்டு" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "தொண்ணூத்தொண்ணு" என்றேன். தலையைத் தூக்கவும் இல்லை. தவறான தேதியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத புத்தி.

"இல்லைங்க, தொண்ணூத்திரண்டு மார்ச்லதானே படத்துல தெரிஞ்சது."

அப்போதுகூட ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எழுந்துபோய், பழைய எக்ஸ்ரேக்களைப் போட்டு வைத்திருக்கும் மஞ்சள் உறையை எடுத்து வந்தேன். ஏப்ரல் 1991 ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். புள்ளியைக் காட்டினேன். பார்த்ததையும் பதினோரு மாதம் சொல்லாததையும் சொன்னேன். நகத் தடம் என்று என்னை ஏமாற்றிக்கொண்டதையும். ரஹீனா பேனாவை மூடி வைத்தாள்.

ரபியா ஃபிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகான கைகள் அவை. விரல்கள் நேராக, இடைவெளி ஒரே அளவாக. நான்தான் அடுக்கி வைத்திருந்தேன்.

"உள்ள வைங்க" என்றாள். அவ்வளவுதான்.

15 டிசம்பர், திங்கள்

பேசவில்லை. மாத்திரை, தண்ணீர், தலைகாணி. இவை மட்டும்.

16 டிசம்பர், செவ்வாய்

பேசவில்லை. அவள் தலைமுடியை நான்தான் வாரிவிட வேண்டியிருக்கிறது. சிக்கு எடுக்கும்போது வலித்தாலும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

17 டிசம்பர், புதன்

மதியம் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பதினோரு மாசத்துலதான் என்னை ஹெட் டைப்பிஸ்ட் ஆக்கினாங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பிரியாணி வாங்கி வந்தாள். மாடிப்படியில் அவள் ஓடி இறங்கி வந்தது வரை நினைவிருக்கிறது.

"நீங்க சொல்லியிருந்தா அந்த வேலையை வேணாம்னிருப்பேன். மருந்து முன்னாடியே சாப்பிட்டிருந்தா கை இன்னும் நல்லா இருந்திருக்கும். ரெண்டும் உண்மைதான். இதுல எது பரவாயில்லைன்னு நான்தான் சொல்லணும், நீங்க இல்ல. எனக்கு அதைச் சொல்ல இடமே கொடுக்கலை."

தப்புதான் என்றேன்.

"தப்புன்னு சொல்றதை விடுங்க. இனிமே என் கையில என்ன பார்த்தாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். உங்களுக்குச் சந்தேகமா இருந்தாலும் சொல்லணும். சந்தேகம்னு சொல்லிச் சொல்லுங்க."

பிறகு வாயைத் திறந்தாள். மிச்சக் கஞ்சியைக் கொடுத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன், அதையும் அப்போதுதான் சொன்னாள்.

1 ஜனவரி 2026, வியாழன்

போர்ட் கொச்சியில் நேற்று இரவு, பழைய வருடத்தை அனுப்ப, பப்பாஞ்ஞி என்கிற கிழவன் பொம்மையை எரித்திருக்கிறார்கள். வெடிச் சத்தம் இங்கே வரை கேட்டது. 1979இல் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கப் போய்க் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். ஒரு மணி நேரம் நான் ஒரே இடத்தில் அசையாமல் நின்றேன், தொலைந்தவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்ற கணக்கு. அவள் கடற்கரை முழுக்கத் தேடி அலைந்து கண்டுபிடித்தாள்.

6 ஜனவரி, செவ்வாய்

பட்டையை எடுத்தார்கள். கை வெளுத்து, தோல் உரிந்து, ஒரு குழந்தையின் கை போல. டாக்டர் மோதிர விரலைத் தூக்கச் சொன்னார்.

தூக்கினாள். மோதிர விரல் எழுந்தது. கூடவே சுண்டுவிரலும் எழுந்தது, முழுதாக இல்லை, கொஞ்சம் பின்தங்கி. தையல் பிடித்திருக்கிறது.

இனி அந்த இரண்டும் தனித்தனியாக அசையாது, ஒன்று எழுந்தால்தான் மற்றது எழும் என்றார். ரபியா நாலைந்து தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும்.

19 ஜனவரி, திங்கள்

சாயா கிளாஸை வலது கையால் பிடித்தாள். அரை கிளாஸ்.

10 பிப்ரவரி, செவ்வாய்

நோன்பு தொடங்குவதற்குள் இடது கையையும் பார்த்துவிட வேண்டும் என்று ரபியாதான் டாக்டர் அதிதியிடம் கேட்டு வாங்கினாள். அதே அறை, டாக்டர் சாய்கிருஷ்ணா. நான் சுவரோரம் போனேன். அவள் நாற்காலியைக் காட்டினாள்.

கையை அவளே வைத்துக்கொண்டாள். அவர் சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு விரலாகத் தூக்க ஆரம்பித்தாள். நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் ஓடின. கட்டைவிரலின் எதிர்ப்பக்க ஓரத்தில், சுண்டுவிரலின் தசைநாணில், ஓர் இடம் கறுத்து, அங்கே இழை இல்லாதது போல. டாக்டர் அதைக் கடந்து போய்விட்டார். அவர் கவனித்தாரா? எனக்குத் தெரியாது.

"ரபியா, சுண்டுவிரல் நரம்புல ஓர் இடம் கறுப்பாத் தெரியுது. அறுந்திருக்கலாம். எனக்குச் சந்தேகம்தான்."

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் மறுபடி அதே இடத்துக்கு வந்து, கையிலிருந்த கருவியை மெல்லச் சாய்த்தார். கறுப்பு மறைந்தது. அந்த இடத்தில் இழைகள் சாம்பலாக, முழுதாக, நெருக்கமாக. கருவி சாய்ந்திருந்தால் நல்ல தசைநாணும் அப்படித்தான் கறுத்துத் தெரியும் சார், எல்லோரும் ஏமாறுகிற இடம்தான் இது என்றார். உறையில் கொஞ்சம் நீர் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

ஒரு டாக்டர் முன்னால், வாயைத் திறந்து, தப்பாகச் சொன்னேன்.

ரபியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தப்பா? சரி, பரவாயில்லை. வாங்க, பசிக்குது."

படகுத்துறைக்குப் போகும் வழியில் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். முள்ளை அவளே எடுத்தாள், மெதுவாக.